குழந்தைக்கு நடந்தது தெரிய வந்த பிறகு: அரசு எதை, எத்தனை நாளுக்குள் செய்ய வேண்டும்? போக்சோ முழுமையான வழிகாட்டி

தங்கள் பிள்ளை மீது யாரோ பாலியல் வன்முறை செய்திருக்கிறார் என்று தெரிந்ததும், பெரும்பாலான வீடுகளில் முதலில் எழும் கேள்வி "வெளியே சொன்னால் நமக்கு என்ன ஆகும்?" என்பதுதான். காவல் நிலையத்துக்குப் போவதை, யாரிடமோ உதவி கேட்கப் போவதாக நினைத்துத் தயங்குகிறார்கள். அங்கே மேசைக்குப் பின்னால் இருப்பவரும் சில நேரம் தயவு காட்டுகிறவர் போலவே பேசுகிறார். சட்டத்தின்படி நிலைமை அப்படி இல்லை. தகவல் வந்த நிமிடத்திலிருந்து எந்த அதிகாரி, எத்தனை மணி நேரத்துக்குள், என்ன செய்ய வேண்டும் என்று, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காப்பதற்கான போக்சோ சட்டமும் அதன் விதிகளும் எழுத்தில் சொல்கின்றன. புகாரைப் பதிவு செய்யாத அதிகாரிக்குச் சிறைத் தண்டனையும் அதே சட்டத்தில் இருக்கிறது. அந்தக் கடமைகளை அவை நடக்க வேண்டிய வரிசையிலேயே இங்கே எழுதுகிறேன். சட்டம் இந்தியா முழுமைக்கும் பொது. நடைமுறை விவரங்கள் தமிழ்நாட்டை மனதில் வைத்தவை.

இந்தக் கடமை எங்கிருந்து வருகிறது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பேசும்போது தைரியம் தரும். அரசியலமைப்பின் 15(3) பிரிவு குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இயற்ற அரசுக்கு அதிகாரம் தருகிறது. 39ஆம் பிரிவு, குழந்தைப் பருவத்தைச் சுரண்டலிலிருந்து காக்கும்படி சொல்கிறது. ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா 1992 டிசம்பர் 11 அன்று ஏற்றது. அதன் 19, 34ஆம் பிரிவுகள், எல்லா வகை வன்முறையிலிருந்தும் பாலியல் சுரண்டலிலிருந்தும் குழந்தையைக் காப்பதை அரசின் பொறுப்பாக்குகின்றன. இவற்றின் தொடர்ச்சியாக வந்ததுதான் 2012 நவம்பர் 14 முதல் நடைமுறையில் இருக்கும் போக்சோ. 2019இல் திருத்தப்பட்டது, 2020இல் புதிய விதிகள் வந்தன. 18 வயதுக்குக் கீழே உள்ள எல்லாருக்கும் இது பொருந்தும். ஆண் பிள்ளைகளுக்கும் முழுமையாகப் பொருந்தும். இதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பையனுக்கு நடந்தால் "விடுங்க, ஆம்பளைப் பையன்தானே" என்று அமுக்கிவிடுவது இன்னும் நடக்கிறது.

முதல் படி: பிள்ளை சொல்வதைக் கேட்பது

பிள்ளை சொன்னதை அது சொன்ன வார்த்தையிலேயே ஒரு தாளில் எழுதி, தேதியும் நேரமும் போட்டு வையுங்கள். "நீ ஏன் அப்பவே சொல்லல?" என்று கேட்க வேண்டாம். நடந்ததை முழுதாகத் தோண்டிக் கேட்பதும், சித்தி, பாட்டி, பக்கத்து வீடு என்று ஒவ்வொருவர் முன்பும் திரும்பச் சொல்ல வைப்பதும் பிள்ளையை நொறுக்கும். பின்னால் நீதிமன்றத்தில் "சொல்லிக் கொடுத்துப் பேச வைத்தார்கள்" என்ற வாதத்துக்கும் அதுவே இடம் கொடுக்கும்.

சம்பவம் சமீபத்தில் நடந்தது என்றால், முடிந்தவரை மருத்துவப் பரிசோதனைக்கு முன் குளிப்பாட்ட வேண்டாம். போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள், பிளாஸ்டிக் பையில் ஈரம் தங்கிக் கெட்டுவிடும். ஏற்கெனவே குளித்துவிட்டது, துவைத்துவிட்டீர்கள் என்றாலும் வழக்கு போய்விட்டது என்று நினைக்காதீர்கள். நம்பும்படி இருந்தால் பிள்ளையின் சாட்சியம் மட்டுமே தண்டனைக்குப் போதும்.

போனில் படமோ வீடியோவோ இருந்தால், உறவினருக்குக் காட்டுவதற்காகக்கூட யாருக்கும் அனுப்பாதீர்கள். குழந்தையின் பாலியல் படத்தைப் பகிர்வது தனிக் குற்றம். வைத்திருப்பதும் பார்ப்பதும்கூட எப்படிக் குற்றமாகும் என்பதை, சென்னை உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு ஒன்றை ரத்து செய்து 2024 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் விரிவாகச் சொல்லியிருக்கிறது. போனை அப்படியே போலீசிடம் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்கு எழுத்தில் அத்தாட்சி வாங்குங்கள்.

இரண்டாம் படி: தகவல் சொல்வது

போக்சோவின் 19ஆம் பிரிவு, குற்றம் நடந்தது தெரிந்த எவரும் போலீசுக்குச் சொல்ல வேண்டும் என்கிறது. நடக்கப்போகிறது என்ற அச்சம் இருந்தாலும் சொல்ல வேண்டும். சொல்பவர் பெற்றோராக இருக்க வேண்டியதில்லை. ஆசிரியர், டாக்டர், பக்கத்து வீட்டுக்காரர், ஏன், அந்தப் பிள்ளையேகூட. சொல்லாமல் மறைத்தால் 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை. ஒரு நிறுவனத்தின் தலைவர் தன் கீழ் வேலை செய்பவரின் குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை. பள்ளி நிர்வாகம் "நாங்களே விசாரணைக் கமிட்டி போட்டுப் பார்த்துக்கிறோம், அதுவரை பொறுங்க" என்றால் இந்தப் பிரிவை நினைவுபடுத்துங்கள். உள் விசாரணை நடத்துவது அவர்கள் விருப்பம், போலீசுக்குச் சொல்வது அவர்கள் கடமை.

மகாராஷ்டிராவின் சந்திரபூர் மாவட்டத்தில் விடுதியில் தங்கிப் படித்த பழங்குடிச் சிறுமிகளுக்கு நடந்த கொடுமையில், அவர்களுக்குச் சிகிச்சை தந்த டாக்டர் தெரிந்தும் சொல்லவில்லை என்று வழக்கு வந்தது. உயர் நீதிமன்றம் டாக்டரை விடுவித்தது. 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்து, தெரிந்தும் சொல்லாமல் இருப்பது கடுமையான குற்றம் என்றது.

நல்லெண்ணத்தில் தகவல் சொன்னவர் மீது வழக்குப் போட முடியாது, பின்னால் அது நிரூபணமாகாவிட்டாலும். வேண்டுமென்றே கெடுநோக்கத்தோடு பொய் சொன்னால்தான் தண்டனை. அதிலும் பொய் சொன்னது குழந்தையாக இருந்தால் தண்டனையே கிடையாது. பொய்ப் புகார் என்று வழக்குப் போடுவோம் எனச் சொல்லி உங்களைப் பயமுறுத்த வருவார்கள், அசைய வேண்டாம்.

எங்கே சொல்வது? 1098 குழந்தைகள் உதவி எண், 112 அவசர எண். பள்ளி தொடர்பானது என்றால் தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறையின் 14417. எண்ணில் சொன்னாலும் நேரில் காவல் நிலையத்தில் எழுத்தில் கொடுப்பதை விட்டுவிடாதீர்கள்.

மூன்றாம் படி: மருத்துவமனை

முதலில் ஆஸ்பத்திரியா, ஸ்டேஷனா என்று குழம்பினால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எஃப்.ஐ.ஆர் இல்லாமலே பரிசோதனை செய்யலாம் என்று 27ஆம் பிரிவு சொல்கிறது. போலீஸ் கடிதமோ மாஜிஸ்திரேட் உத்தரவோ கொண்டு வந்தால்தான் சிகிச்சை என்று எந்த டாக்டரும் ஆஸ்பத்திரியும் கேட்கக் கூடாது என்று 2020 விதிகளின் 6ஆம் விதி தெளிவாகத் தடுக்கிறது. தனியார் மருத்துவமனையும் முதலுதவியையும் சிகிச்சையையும் இலவசமாகத் தர வேண்டும். கருத்தடை மாத்திரை, எச்.ஐ.வி. தடுப்பு மருந்து இரண்டுக்கும் 72 மணி நேரம் முக்கியம். அதனால்தான் இந்தப் படியில் தாமதம் வேண்டாம் என்கிறேன்.

சிறுமியைப் பெண் டாக்டர்தான் பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ பிள்ளை நம்பும் ஒருவரோ கூடவே இருக்கலாம். பிறப்புறுப்பில் விரல் நுழைத்துப் பார்க்கும் இரு விரல் சோதனை என்ற கொடுமையை உச்ச நீதிமன்றம் 2013இல் கண்டித்தது, 2022 அக்டோபரில் மீண்டும் தடுத்தது. யாராவது செய்ய முயன்றால் மறுத்துவிடுங்கள். ஏ.ஆர். என்று சொல்லப்படும் விபத்துப் பதிவேட்டு நகலைக் கேட்டு வாங்குங்கள். நீங்கள் முதன்முதலில் என்ன சொன்னீர்கள் என்பதற்கு அதுவே முதல் எழுத்துச் சாட்சி, ஆகவே அதில் என்ன எழுதுகிறார்கள் என்று படித்துப் பாருங்கள்.

கருவுற்றிருந்தால் 24 வாரம் வரை சட்டப்படி கலைக்கலாம், அதற்கு மேல் உயர் நீதிமன்ற அனுமதி வேண்டும். கருவின் திசுவை மரபணுப் பரிசோதனைக்காகப் பத்திரப்படுத்தச் சொல்லுங்கள்.

நான்காம் படி: காவல் நிலையம்

தமிழ்நாட்டில் இந்தப் புகார்கள் பெரும்பாலும் அனைத்து மகளிர் காவல் நிலையத்துக்குத்தான் போகும். அதற்காகச் சட்டம்–ஒழுங்கு ஸ்டேஷனில் வாங்க மாட்டோம் என்று சொல்ல முடியாது. சம்பவம் வேறு ஊரில் நடந்திருந்தாலும், நீங்கள் இருக்கும் ஊரின் ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர் போட வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு இதற்கு வழி செய்கிறது. எஃப்.ஐ.ஆர் நகல் இலவசம்.

இங்கே ஒரு விஷயத்தில் கவனமாக இருங்கள். புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர் என்ற மனு ரசீதைக் கையில் கொடுத்து, "ரெண்டு பக்கமும் விசாரிச்சுட்டுச் சொல்றோம், நாளைக்கு வாங்க" என்று அனுப்புவார்கள். கையில் ரசீது இருப்பதால் வேலை நடக்கிறது என்று குடும்பம் நம்பிவிடும். சி.எஸ்.ஆர் எஃப்.ஐ.ஆர் ஆகாது. எதிர்த் தரப்பைக் கூப்பிட்டு உட்கார வைத்துப் பேசும் நடைமுறைக்கு இந்தச் சட்டத்தில் இடமே இல்லை, அப்படிப் பேசும் அறையில் குழந்தையும் குற்றம் சாட்டப்பட்டவரும் எதிரெதிரே நிற்க நேரும். தகவலைப் பதிவு செய்யாத அதிகாரிக்கு 21ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். சத்தம் போடாமல், மரியாதையாக, இந்தப் பிரிவு எண்ணைச் சொல்லிக் கேளுங்கள்: "மேடம், 19(2)இன்படி பதிவு செய்து எண் கொடுங்கள்."

வாக்குமூலம் வாங்குவதற்கு 24, 26ஆம் பிரிவுகள் விதிக்கும் நிபந்தனைகளைக் கிட்டத்தட்ட மனப்பாடம் செய்துகொள்வது நல்லது. பிள்ளையின் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ வாங்க வேண்டும். முடிந்தவரை சப்-இன்ஸ்பெக்டர் நிலைக்குக் குறையாத பெண் அதிகாரி வாங்க வேண்டும். அவர் யூனிபாரத்தில் இருக்கக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவர் எந்த வகையிலும் பிள்ளையின் பக்கத்தில் வரக் கூடாது. எந்தக் காரணத்துக்காகவும் இரவில் பிள்ளையை ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது. பெற்றோரோ நம்பிக்கைக்குரிய ஒருவரோ அருகில் இருக்க வேண்டும். பிள்ளை பேசும் மொழி அதிகாரிக்குத் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர், மாற்றுத்திறனாளிப் பிள்ளை என்றால் சிறப்பு ஆசிரியர் வர வேண்டும். வடமாநிலத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைய இருக்கும் திருப்பூர் போன்ற ஊர்களில் இந்த மொழிபெயர்ப்பாளர் ஏற்பாடு பெரிய விஷயம்.

வயதுச் சான்றைப் போகும்போதே எடுத்துச் செல்லுங்கள். பள்ளியின் மாற்றுச் சான்றிதழ் போதாது என்று தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில் 2023 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொல்லி, போக்சோ தண்டனையையே ரத்து செய்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழ், பள்ளி தரும் பிறந்த தேதிச் சான்று, உள்ளாட்சி அமைப்பின் பிறப்புச் சான்று, இவற்றில் ஒன்று வேண்டும்.

ஐந்தாம் படி: குழந்தைகள் நலக் குழு

எஃப்.ஐ.ஆரோடு வேலை முடிந்தது என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பிவிடுகிறார்கள். குழந்தையைத் தாங்கிப் பிடிக்கும் ஏற்பாடு எல்லாம் இதற்குப் பிறகுதான் ஆரம்பிக்கிறது, அதிகம் தவறவிடப்படுவதும் இதுதான்.

தகவல் கிடைத்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ், குழந்தைகள் நலக் குழுவுக்கும், போக்சோ வழக்குகளை விசாரிக்கும் சிறப்பு நீதிமன்றத்துக்கும் தெரிவிக்க வேண்டும். இளைஞர் நீதிச் சட்டத்தின்படி அமைக்கப்படும் இந்தக் குழுவில் ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் இருப்பார்கள். குற்றம் செய்தவர் அதே வீட்டில் வசிக்கிறார் என்றால், அல்லது பிள்ளைக்குப் பெற்றோர் துணை இல்லை என்றால், 24 மணி நேரத்துக்குள் பிள்ளையைக் குழுவின் முன் நேரில் கொண்டுபோக வேண்டும். பிள்ளை அந்த வீட்டிலேயே இருக்கலாமா, வேறு இடத்தில் வைக்க வேண்டுமா என்று குழு மூன்று நாளுக்குள் முடிவு செய்ய வேண்டும். பிள்ளையின் விருப்பத்தையும் கேட்க வேண்டும். "ஹோமுக்கு அனுப்பிடுவாங்க" என்ற பயத்தில் பல தாய்மார்கள் புகாரே கொடுப்பதில்லை. இல்லத்துக்கு அனுப்புவது கடைசி வழி. குற்றம் செய்தவரை வெளியேற்றிவிட்டால் பிள்ளை தாயோடு இருக்கலாமே என்று குழுவிடம் நீங்கள் வாதாடலாம்.

அப்புறம் உறுதுணை நபர். விசாரணை, மருத்துவமனை, நீதிமன்றம், பள்ளி என்று வழக்கு முடியும்வரை கூட வருவதற்கு ஒருவரைக் குழு நியமிக்கலாம் என்று விதிகள் சொல்கின்றன. வழக்கு எந்தக் கட்டத்தில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது, பி.பி. என்ற அரசு வக்கீல் யார், இழப்பீட்டு மனு போட்டாயிற்றா என்பதையெல்லாம் பார்ப்பது இவர் வேலை. உத்தரப் பிரதேச வழக்கு ஒன்றில் 2023 ஆகஸ்ட்டில் உச்ச நீதிமன்றம், இந்த வசதி இருப்பதை எல்லா வழக்கிலும் குடும்பத்துக்குச் சொல்லியே ஆக வேண்டும், உறுதுணை நபர் தேவையா என்பதைப் பெற்றோரின் விருப்பத்துக்கு விட்டுவிடக் கூடாது என்றது. தினக்கூலிக்குப் போகும் ஒரு தாய்க்கு ஒவ்வொரு வாய்தாவையும் தனியாகச் சமாளிக்க முடியாது. வழக்குகள் பாதியில் தளர்ந்து, சாட்சிகள் பிறழ்வது பெரும்பாலும் அந்தத் தனிமையில்தான் என்று உறுதியாக நம்புகிறேன். உங்களுக்கு யாரும் சொல்லவில்லை என்றால், குழுவின் தலைவருக்கு எழுத்தில் மனு கொடுங்கள். நியமித்த 24 மணி நேரத்துக்குள் போலீஸ் அதை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டும்.

பணம் பற்றி

இதைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். சாப்பாடு, துணி, பஸ் கட்டணம் போன்ற உடனடித் தேவைக்குச் சிறப்பு நிவாரணம் தரக் குழந்தைகள் நலக் குழு பரிந்துரைக்கலாம், பரிந்துரை கிடைத்த ஒரு வாரத்துக்குள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவோ மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகோ அதைத் தர வேண்டும். இது 8ஆம் விதி. எஃப்.ஐ.ஆர் பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால இழப்பீடு கேட்டுச் சிறப்பு நீதிமன்றத்தில் மனு போடலாம், தீர்ப்பு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. குற்றம் சாட்டப்பட்டவர் விடுதலையானாலும், பிடிபடாவிட்டாலும்கூட, பிள்ளைக்குப் பாதிப்பு நேர்ந்திருக்கிறது என்று நீதிமன்றம் கருதினால் இழப்பீடு உண்டு. உத்தரவு கிடைத்த 30 நாளுக்குள் மாநில அரசு தொகையைத் தர வேண்டும்.

ஆறாம் படி: மாஜிஸ்திரேட்டும் நீதிமன்றமும்

பிள்ளை மாஜிஸ்திரேட்டிடம் தரும் வாக்குமூலத்தைப் பழக்கத்தில் இன்னும் "164 வாக்குமூலம்" என்றே சொல்கிறார்கள், புதிய சட்டத்தில் அது 183ஆம் பிரிவு. பிள்ளை சொல்வதைச் சொன்னபடியே மாஜிஸ்திரேட் பதிவு செய்வார். எதிர்த்தரப்பு வக்கீல் அங்கே இருக்க முடியாது. கடுமையான பிரிவுகளில் போலீஸ் இரண்டு மாதத்துக்குள் புலனாய்வை முடிக்க வேண்டும். குற்றப்பத்திரிகை நகல் உங்களுக்கும் தர வேண்டும். கைது, ஜாமீன் மனு போன்றவற்றையும் போலீஸ் உங்களுக்குத் தெரிவிக்க வேண்டும். ஜாமீன் மனு வரும்போது எதிர்ப்புச் சொல்ல நீங்கள் அங்கே இருப்பது மிக முக்கியம்.

வழக்கு விசாரணை மூடிய நீதிமன்றத்தில் நடக்கும். பிள்ளை குற்றம் சாட்டப்பட்டவரைப் பார்க்காதபடி திரையோ வீடியோ இணைப்போ வைக்க வேண்டும். எதிர்த்தரப்பு வக்கீல் பிள்ளையிடம் நேராகக் கேள்வி கேட்கக் கூடாது, நீதிபதி வழியாகத்தான் கேட்க வேண்டும். குணத்தைக் கொச்சைப்படுத்தும் கேள்விகளை நீதிபதி அனுமதிக்கக் கூடாது. இடையிடையே ஓய்வு தர வேண்டும், திரும்பத் திரும்ப அலைக்கழிக்கக் கூடாது. இவை 33, 36, 37ஆம் பிரிவுகள். வழக்கைக் கோப்பில் எடுத்த 30 நாளுக்குள் பிள்ளையின் சாட்சியம், முடிந்தவரை ஓராண்டுக்குள் மொத்த விசாரணை என்று 35ஆம் பிரிவு சொல்கிறது. நடைமுறையில் இந்தக் கெடு பல இடங்களில் தாண்டிப் போகிறது. அப்படித் தாண்டினால் பி.பி. மூலம் மனு போட்டு, தாமதத்துக்குக் காரணத்தைப் பதிவு செய்யச் சொல்லுங்கள், சட்டமே அதைக் கேட்கிறது. சொந்த வக்கீலையும் வைத்துக்கொள்ளலாம், வசதி இல்லாவிட்டால் சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவசமாகத் தரும்.

இதற்கு நடுவில் சமரசம் பேச வருவார்கள். ஊர்ப் பெரியவர், கட்சிக்காரர், சொந்த மாமாவாகக்கூட இருக்கலாம். "பொண்ணு வாழ்க்கை" என்பார்கள், ஒரு தொகை சொல்வார்கள். ராஜஸ்தானில் ஓர் ஆசிரியர் மீதான வழக்கை, மாணவியின் தந்தை சமரசமாகிவிட்டார் என்று உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2024 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவைத் தூக்கி எறிந்து வழக்கைத் தொடர வைத்தது. குழந்தைக்கு எதிரான குற்றம் சமூகத்துக்கு எதிரான குற்றம், பெற்றோர் கையெழுத்துப் போட்டு முடிக்க முடியாது.

பிள்ளையின் பெயர்

பெயர், படம், முகவரி, பள்ளி, ஊர், குடும்ப விவரம், எதையும் ஊடகத்தில் வெளியிடக் கூடாது. மீறினால் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். 2018 டிசம்பர் 11 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் சமூக ஊடகத்தையும் இதில் சேர்த்தது. எனவே "நீதி வேண்டும்" என்று நல்ல மனதோடு பிள்ளையின் படத்தை வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் வைப்பவரும் சட்டத்தை மீறுகிறார். பாதிக்கப்பட்ட பிள்ளை படிக்கும் பள்ளியில் காலை வழிபாட்டில் சம்பவத்தைப் பற்றிப் பேசுவதும் கூடவே கூடாது.

அடி, சூடு, பட்டினி

பாலியல் அல்லாத கொடுமைக்கு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு இருக்கிறது. பிள்ளையைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அடித்தாலோ கைவிட்டாலோ மூன்றாண்டு வரை சிறை, குழந்தைகள் இல்லத்தின் ஊழியர் என்றால் ஐந்தாண்டு வரை. பள்ளியில் உடல் தண்டனையையும் மன உளைச்சல் தருவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடுக்கிறது. 1098க்குச் சொன்னால் இதற்கும் குழந்தைகள் நலக் குழு வர வேண்டும்.

யாரும் அசையவில்லை என்றால்

எஃப்.ஐ.ஆர் போட மறுத்தால் புகாரை மாவட்ட எஸ்.பி.க்கோ நகரங்களில் காவல் ஆணையருக்கோ பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அங்கும் நடக்காவிட்டால் நீதிமன்றத்தில் மனு. அதே நேரத்தில் மாநிலக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையத்துக்கும் எழுதுங்கள். போக்சோ எப்படி நடைமுறையாகிறது என்று கண்காணிப்பது 44ஆம் பிரிவு அந்த ஆணையத்துக்குத் தந்த வேலை, அதிகாரிகளை அழைத்து விசாரிக்கும் அதிகாரமும் அதற்கு உண்டு. உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடும் வழியும் திறந்தே இருக்கிறது. எல்லாப் புகாரிலும் தேதி, பிரிவு எண், எந்த அதிகாரி எதைச் செய்யவில்லை என்ற மூன்றும் இருக்கட்டும்.

உங்கள் வீட்டில் எந்தச் சம்பவமும் நடக்காவிட்டாலும் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. குழந்தைகளோடு வேலை செய்யும் பணியாளர்களின் பின்னணியைப் போலீஸ் மூலம் சரிபார்ப்பதும், நிறுவனங்கள் குழந்தைப் பாதுகாப்புக் கொள்கையைக் கடைப்பிடிப்பதும் 2020 விதிகளின் 3ஆம் விதிப்படி கட்டாயம். பள்ளி வேன் ஓட்டுநர் வரை இதில் வருகிறார்களா என்று அடுத்த பெற்றோர் கூட்டத்தில் கேளுங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கு ஒரு மனு அனுப்புங்கள்: சென்ற ஆண்டு எத்தனை போக்சோ வழக்குகள் குழந்தைகள் நலக் குழுவுக்கு வந்தன, அவற்றில் எத்தனைக்கு உறுதுணை நபர் நியமிக்கப்பட்டார், எத்தனை பேருக்கு இடைக்கால இழப்பீடு கிடைத்தது? பத்து ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும்.